அழியாத குளோரீன் எண்ணெய்களும் வயல் நிலமும்

(திருகோணமலை மாவட்டத்து நெல், காய்கறிச் செய்கையாளர்களுக்கு)

திருகோணமலை மாவட்டத்தின் வயல்கள் நீரின் போக்கைத் தொடர்ந்து அமைந்தவை. கந்தளாய்க் குளத்தின் வாய்க்கால்கள் தம்பலகாமத்து வயல்களிற் பாய்ந்து, எஞ்சிய நீர் தம்பலகாமக் குடாவைச் சேர்கின்றது. மகாவலியின் நீர் அல்லைத் திட்டத்து வயல்களை நனைத்துச் செல்ல, அக்கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பகுதிகளின் மணற்பாங்கான தோட்டங்களிற் கிணற்று நீரைக்கொண்டு வெங்காயமும் மிளகாயும் செய்யப்படுகின்றன. மேட்டு நிலத்திற் கொட்டப்படும் பொருள் மாரி மழையுடன் பள்ள வயலுக்கும், வயலிலிருந்து குடாவுக்கும், குடாவிலுள்ள இறாலும் மீனும் நண்டும் வழியாகக் கமக்காரரின் சோற்றுக் கோப்பைக்கும் திரும்பி வருவது இம்மாவட்டத்திற் பிற இடங்களினும் எளிது. விரைவில் அழியும் பொருளாயின் இதனாற் பெருங்கேடில்லை. அழியாத பொருளாயின் நிலைமை வேறு.

திருகோணமலையில் எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருவன சீனக்குடாவிலுள்ள எண்ணெய்க் குதங்களே. ஆங்கிலேயக் கடற்படையின் தேவைக்கென அமைக்கப்பட்ட அக்குதங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபொழுது ஒரு குதம் எரிந்தழிந்தது. அவற்றில் வைக்கப்பட்டது நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட கனிய எண்ணெய். அது கொட்டிய இடத்திற் பயிர் கருகும். கிணற்று நீர் கெடும். ஆயினும் வெயிலும் காற்றும் மண்ணிலுள்ள நுண்ணங்கிகளும் சேர்ந்து அதனை நாளடைவிற் பெரும்பாலும் சிதைத்து விடுகின்றன. இவ்வேட்டிற் கூறப்படுவது வேறோர் எண்ணெய். பார்வைக்கு அதுவும் தெளிந்த எண்ணெய்போலவே இருப்பதால், இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இவ்விடயத்திற் பெரும் பிழைக்குக் காரணமாகின்றது.

பொருளின் தன்மை

பல்குளோரீனேற்றிய இருபீனைல்கள் என்பன இயற்கையில் உள்ளவையல்ல. பென்சீன் வளையங்கள் இரண்டு இணைந்த மூலக்கூற்றிற் குளோரீனை ஏற்றித் தொழிற்சாலையிற் செய்யப்பட்டவை. குளோரீன் அமர்வதற்குப் பத்து இடங்கள் இருப்பதனால், எண்ணிக்கையும் இடமும் மாறி 209 வகைகள் உண்டாகின்றன. சுருக்கமாக இவை பி.சி.பி. எனப்படும். 1929இல் அமெரிக்காவில் வியாபார முறையில் இவை உற்பத்தி செய்யப்படத் தொடங்கின. பின்னர் பல நாடுகளிலும் செய்யப்பட்டு, உலகில் மொத்தம் ஏறத்தாழ 13 இலட்சம் தொன் உற்பத்தியாயிற்று. தீப்பற்றாமை, மின்சாரத்தைக் கடத்தாமை, சூட்டிற் கெடாமை ஆகிய குணங்களுக்காக இவை மின்மாற்றிகளிலும் மின் கொள்ளளவிகளிலும் ஊற்றப்பட்டன. கப்பற் பூச்சுகளிலும் மின்கம்பி உறைகளிலும் கலக்கப்பட்டன. தொழிலாளர் உயிரைத் தீயிலிருந்து காத்த பொருள் என்று ஒரு காலத்திற் புகழப்பட்டதும் பொய்யன்று. எக்குணத்துக்காக விரும்பப்பட்டதோ அக்குணமே பின்னர்க் கேடாய் முடிந்தது.

வைக்கோல் ஒரு போகத்துக்குள் மட்கிவிடும். உமி அதனினும் மெல்ல மட்கும். மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அவற்றை உணவாகக் கொள்வதே அதற்குக் காரணம். குளோரீன் செறிந்த சேர்மங்களைச் சிதைக்க வல்ல நுண்ணங்கிகள் சிலவே. அவையும் மிக மெதுவாகவே தொழிற்படுகின்றன. ஆகவே பி.சி.பி. மண்ணிலும் குடாவின் சேற்றிலும் பல ஆண்டுகள், சில வகைகள் பல பத்தாண்டுகள், கிடக்கின்றன.

இவை நீரிற் பெரும்பாலும் கரையா. கொழுப்பிலும் எண்ணெயிலும் நன்கு கரையும். இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும். வாய்க்காலில் விழுந்த பி.சி.பி. நீருடன் நிற்காது வண்டலையும் மட்கிய சேதனப் பொருளையும் பற்றிக்கொள்ளும். வெள்ளத்துடன் வண்டல் நகரும் இடமெல்லாம் நகர்ந்து, நீர் நிற்கும் இடத்திற் படியும். படிந்த சேற்றை உண்ணும் புழுவிற் சேரும். புழுவை உண்ணும் இறாலிலும் மீனிலும் மேலும் சேரும். சிறுமீனை உண்ணும் பெருமீனில் இன்னும் மிகும். ஒவ்வொரு படியிலும் உணவு செரிக்கின்றது; இப்பொருளோ வெளியேறாது கொழுப்பில் தங்குகின்றது. நீரில் அளந்தறிய முடியாத அளவாயிருந்தது கடற்பறவையின் முட்டையிற் பல இலட்சம் மடங்காகிவிடும். மனிதர் உடலிற் சேர்ந்தால், சில வகைகளிற் பாதி வெளியேறுவதற்கே பத்தாண்டுகளும் செல்லக்கூடும்.

இது முதலில் அறியப்பட்டது தற்செயலாகவே. சுவீடன் நாட்டு இரசாயன ஆய்வாளர் சோரன் யென்சன் மீன்களிலும் கழுகுகளிலும் டி.டி.ரி. எவ்வளவுண்டு என்று அளந்து வந்தார். அளவைப் பதிவுகளில் டி.டி.ரி. அல்லாத வேறு சில பொருட்களின் அடையாளம் மீண்டும் மீண்டும் தோன்றியது. அவை பி.சி.பி. என்பதை அவர் 1966இல் வெளியிட்டார். தம் மனைவி, மகள் ஆகியோரின் தலைமயிரிலும் அவற்றை அவர் கண்டார். அவர்கள் எவரும் தொழிற்சாலையில் வேலை செய்தவரல்லர்.

காற்றுவழிச் செலவு

இவ்வினப் பொருட்கள் நீர்வழி மட்டுமே செல்லும் என்று எண்ணுதல் தவறு. இதற்கு நெல் வயலிலேயே சான்றுண்டு. பி.எச்.சி. என்னும் குளோரீன் பூச்சிகொல்லி ஒரு காலத்தில் தமிழ்நாட்டு நெற்செய்கையிற் பெருமளவிற் பயன்பட்டது. சிதம்பரத்தை அடுத்த வெள்ளாற்றுப் பகுதி வயல்களில் இட்ட பி.எச்.சி. எங்கே செல்கின்றது என்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் யப்பானின் எகிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஆராய்ந்தனர். 1991இல் வெளிவந்த முடிவின்படி, நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் ஆவியாகிக் காற்றிற் கலந்தது; ஆற்று முகத்தைச் சென்றடைந்தது நூற்றில் அரைப் பங்கும் இல்லை. வெப்ப நாட்டில் எழுந்த ஆவி குளிர்ந்த இடத்தில் மீண்டும் இறங்குகின்றது. வடதுருவத்தை அண்டிய நாடுகளின் மீனிலும் கடல்நாயிலும் இப்பொருட்கள் காணப்படுவதற்கு இதுவே காரணம். அவ்விடங்களில் வயலும் இல்லை. மின்மாற்றிகளும் மிகச் சிலவே.

நீர் நிற்கும் வயலின் சேற்றிற் காற்று இல்லாதபடியால் அங்கு வேறுவகை நுண்ணங்கிகள் பெருகுகின்றன. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் நடந்த சோதனைகளில், பி.எச்.சி.யின் காமா வகை நீர் நிறைந்த மண்ணிற் சில மாதங்களுள் சிதைவது தெரிந்தது. டி.டி.ரி.யும் அத்தகைய சேற்றில் ஒரு குளோரீனை இழந்து வேறொன்றாக மாறுகின்றது. ஆயினும் மேற்கூறிய வெள்ளாற்று ஆய்வை நோக்கினால், சேற்று நுண்ணங்கிகளுக்கு வேலை கிடைக்குமுன்னரே வெயில் தன் பங்கை எடுத்துவிடுகின்றது என்றுதான் கூறவேண்டும். பி.சி.பி.யில் குளோரீன் மிகுந்த வகைகள் சேற்றிற் சிறிது சிறிதாகக் குளோரீனை இழக்கின்றன. ஆனால் அதனை நம்பி ஒரு வயலை விட்டுவைக்க ஒரு தலைமுறையும் போதாது.

டி.டி.ரி. பற்றி

இம்மாவட்டத்து முதியோர் டி.டி.ரி.யை நன்கறிவர். 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. 1945 தொடக்கம் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1946இல் சுமார் 28 இலட்சமாயிருந்த நோயாளர் தொகை 1963இல் 17ஆகக் குறைந்தது. பின்னர் தெளிப்பு நிறுத்தப்பட, 1960களின் இறுதியில் நோய் மீண்டு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. நுளம்புகள் டி.டி.ரி.க்குப் பழகிவிட்டமையால் 1977இல் மாலத்தியன் அதன் இடத்தைப் பெற்றது. இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது.

இவ்வரலாற்றை இங்குக் கூறுவது டி.டி.ரி.யைப் பழிப்பதற்கன்று. உலர் வலயத்திற் குடியேறிக் காடு வெட்டி வயல் செய்ய இயன்றதற்கு அம்மருந்தும் ஒரு காரணம். எனினும் மண்ணில் அது பாதியாகக் குறைய 2 முதல் 15 ஆண்டு வரை செல்லும். எஞ்சுவது அதனினும் உறுதியான டி.டி.ஈ. ஆகும். அக்காலத்து மண்வீடுகளின் சுவர் இடிந்து கலந்த வளவு மண்ணைக் குறித்து அஞ்சி, வீட்டுத் தோட்டத்தைக் கைவிடுதல் வேண்டியதில்லை. அத்தனை ஆண்டுகள் கடந்துவிட்டன. பழைய களஞ்சியத்தின் மூலையிற் பெயரழிந்த தகரத்தில் ஒரு வெண்தூள் கிடைக்குமாயின், அதனைக் கறையானுக்கோ தலைப்பேனுக்கோ இடாது, தகரத்துடன் அப்படியே வைத்து விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும்.

தவிட்டெண்ணெயால் நேர்ந்த துன்பம்

பி.சி.பி. மனிதருக்குச் செய்யும் தீங்கு வெளிப்பட்டது நெல்லுடன் தொடர்புடைய ஓர் உணவினாலேயே. யப்பானின் மேற்குப் பகுதியில், அரிசித் தவிட்டிலிருந்து சமையல் எண்ணெய் எடுக்கும் ஓர் ஆலையில் எண்ணெயின் வாடையைப் போக்குவதற்கு அது சூடாக்கப்பட்டது. சூட்டைக் கடத்துவதற்குக் குழாய்களுள் பி.சி.பி. ஓடியது. குழாயில் ஏற்பட்ட கசிவினால் அது எண்ணெயிற் கலந்தது. 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதலிற் கோழிகள் இறந்தன; அதே ஆலையின் கழிவெண்ணெய் கலந்த தீனியை உண்ட பல இலட்சம் கோழிகள் அழிந்தன. தீனியின் பிழை கண்டறியப்பட்டது. அதே ஆலையின் சமையல் எண்ணெயை எவரும் நிறுத்தவில்லை. சில மாதங்களின் பின் மனிதர் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். முகத்திலும் முதுகிலும் ஆறாத பருக்கள், கண்ணிமை வீக்கம், நகம் கறுத்தல், கைகால் விறைப்பு, தீராத களைப்பு ஆகியன குறிகளாயின. நோயுற்ற தாய்மார் சிலர்க்குத் தோல் கறுத்த குழந்தைகள் பிறந்தன. ஏறத்தாழ 2,000 பேர் நோயாளரென ஏற்றுக்கொள்ளப்பட்டனர். முறையிட்டோர் அதனினும் பன்மடங்கினர்.

இதனை அறிந்திருந்தும், 1979இல் தாய்வானில் அதே தவிட்டெண்ணெயில் அதே பிழை மீண்டும் நேர்ந்தது. அங்கும் சுமார் 2,000 பேர் பாதிக்கப்பட்டனர். தாய்ச்சுங் பகுதியிற் கண்பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றும் அவற்றுள் அடங்கும்.

பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால், பி.சி.பி. நெடுநாட் சூடேறும்பொழுது அதிலிருந்து பியூரன் என்னும் வேறொரு குளோரீன் சேர்மம் உண்டாவதும், அது பன்மடங்கு நச்சுத்தன்மை உடையதென்பதும் தெரியவந்தன. இவ்வெண்ணெயை எரித்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். பட்டறை அடுப்பிலும் சூளையிலும் எரித்தால் அது அழியாது. மேலும் கொடியதாக மாறும். முற்றாக அழிப்பதற்கு 1,100 பாகை சதம அளவுக்கு மேற்பட்ட வெப்பமும் அதற்கென அமைந்த உலையும் தேவை. செம்புக்காகப் பழைய மின்கம்பியை எரிப்பதும், பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் குப்பையுடன் கொளுத்துவதும் இவ்வகைப் புகையையே தருகின்றன. 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் பி.சி.பி.யை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருட்களுள் முதற் பிரிவிற் சேர்த்தது.

வயலுக்கு வரும் வழிகள்

2001இல் செய்யப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்ரொக்கோம் உடன்படிக்கையில் இலங்கை 2005இல் முழுமையாகச் சேர்ந்தது. பி.சி.பி. கொண்ட மின் உபகரணங்களைப் பயன்பாட்டிலிருந்து நீக்க 2025 தவணையாகவும், கழிவை முறைப்படி கையாள 2028 தவணையாகவும் அதிற் குறிக்கப்பட்டன. பழைய மின்மாற்றியில் மட்டுமே பி.சி.பி. இருக்கும் என்பதில்லை. பிற்காலத்திற் செய்யப்பட்டுக் கனிய எண்ணெய் ஊற்றப்பட்ட மின்மாற்றியிலும், பழுது பார்க்கும்பொழுது அதே வடிகட்டும் பொறியையும் அதே பீப்பாவையும் பயன்படுத்தினமையாற் சிறிதளவு கலந்திருக்கக்கூடும். ஒரு கிலோவில் 50 மில்லிகிராமுக்கு மேற்படின் அது விலக்கப்பட்ட எண்ணெயாகக் கொள்ளப்படும். 200 லீற்றர்ப் பீப்பாவுக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேற்பட்ட பி.சி.பி. கலந்தாற் போதும், அவ்வளவு எட்டிவிடும்.

இத்தகைய எண்ணெய் கமக்காரரின் கைக்கு வருவது பெரும்பாலும் நகரத்துப் பட்டறைகள் வழியாகவே. இலங்கையில் இரும்பு ஒட்டும் சிறு பட்டறைகள் பலவற்றில், உள்ளூரிற் செய்த ஒட்டுப் பொறிகளைக் குளிர்விக்கப் பழைய மின்மாற்றி எண்ணெய் ஊற்றப்பட்டு வந்தமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டது. கலப்பை முனையும் உழவு இயந்திரப் பெட்டியும் ஒட்டுவிக்கச் செல்லும் கமக்காரர், வேலி மரத்துக்கும் வண்டி அச்சுக்கும் பூச ஒரு போத்தல் கேட்டுப் பெறுவதுண்டு. கறையான் அரியாது என்பது உண்மையாயிருக்கலாம். அவ்வேலி அடியின் மண்ணைக் கிளறி மேயும் கோழியின் முட்டையில் அது சேரும் என்பதும் உண்மையே. ஊர்க்கோழி இரையுடன் நாள்தோறும் மண்ணையும் விழுங்குகின்றது. எனவே மண்ணிலுள்ள குளோரீன் சேர்மங்கள் விரைவில் தோன்றும் இடம் முட்டையின் மஞ்சட் கருவாகும்.

மற்றொரு வழக்கம் இதனினும் கவலைக்குரியது. நெல்லிலையைக் குழல்போல வெட்டித் தன்னைச் சுற்றிக்கொண்டு நீரில் மிதக்கும் கூண்டுப் புழுவை அகற்ற, மண்ணெண்ணெயில் தோய்த்த கயிற்றைப் பயிரின்மேல் இழுத்து, பின் நீரை வடித்துவிடுதல் பழைய முறை. மண்ணெண்ணெய் சில நாட்களில் ஆவியாகிவிடும். ஆதலால் அம்முறையில் நிலைத்த கேடில்லை. விலை குறைவென்று கருதி மண்ணெண்ணெய்க்குப் பதிலாகக் கழிவெண்ணெயை எவ்வாற்றானும் பயன்படுத்தலாகாது. புழு ஒரு போகத்துப் பகை. இந்த எண்ணெயோ வயலை விற்றாலும் வயலைவிட்டு நீங்காது.

துறைமுகப் பக்கத்திலிருந்து விலைக்கு வரும் வெறும் பீப்பாக்களைக் குறித்தும் ஒரு சொல். முன்னர் என்ன இருந்ததென்று விற்பவருக்கே தெரியாத பீப்பாவில் விதைநெல் ஊறவைப்பதும், கீரைக்கு நீர் தேக்குவதும், மாட்டுக்குக் கழுநீர் வைப்பதும் தவிர்க்கப்படல் வேண்டும். சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு கழுவினாற் போகும் என்பது பிழை. உட்சுவரின் பூச்சில் ஊறியது மெல்ல மெல்ல வெளிவரும். அவ்வாறே, பழைய கப்பல்களிலும் பாலங்களிலும் சுரண்டி எடுத்த பூச்சுத் தூள் கலந்த மண்ணைப் பள்ளம் நிரப்பத் தோட்டத்துக்குக் கொண்டுவருதலாகாது.

எண்ணெயை நீரில் விட்டுப் பார்த்து, மிதந்தால் நல்லது, தாழ்ந்தாற் கெட்டது என்று சோதிப்போரும் உளர். தனிப் பி.சி.பி. நீரினும் கனமானது, ஆகையால் தாழும். ஆனால் கனிய எண்ணெயிற் சிறிது கலந்தது மிதக்கவே செய்யும். மணத்தாலும் நிறத்தாலும் அறிதலும் இயலாது. ஆய்வுகூடச் சோதனை ஒன்றே வழி.

பயிரும் பசுவும்

பி.சி.பி. கலந்த மண்ணில் விளைந்த எல்லாப் பயிரும் ஒரே அளவில் அதனை ஏற்பதில்லை. நெல்லின் வேரில் ஒட்டினாலும் மணிக்கு ஏறுவது குறைவு. ஏறுவதிலும் கொழுப்புள்ள தவிட்டிலேயே மிகுதி தங்கும். மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகளின் தோலில் மண்ணுடன் ஒட்டி நிற்கும். தோலைச் சீவினாற் பெரும் பகுதி நீங்கும். கீரைக்கும் கத்தரிக்கும் மழைத்துளி தெறிக்கும் மண்ணே வழி. பாத்தியில் வைக்கோல் பரப்பினால் தெறிப்புக் குறையும்.

பூசணிக் குடும்பம் மட்டும் இதற்கு விலக்கு. அக்குடும்பத்துச் சில கொடிகளின் வேர் குளோரீன் சேர்மங்களை மண்ணிலிருந்து இளக்கி எடுத்துத் தண்டுக்கும் காய்க்கும் ஏற்றுகின்றது. யப்பானில் டீல்ட்ரின் தடுக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் வெள்ளரிக்காயில் அது அளவுக்கு மேல் காணப்பட்டது இதனாலேயே. ஐயத்துக்குரிய நிலத்திற் பூசணி, வெள்ளரி, பீர்க்கு முதலியவற்றை நடாது விடுதல் நன்று.

பசுவுக்கு வைக்கோலும் புல்லும் மண்ணுடன் கலந்தே உணவாகின்றன. உட்சென்ற குளோரீன் சேர்மம் பால் நெய்யுடன் வெளிவரும். எனவே எண்ணெய் சிந்திய இடத்தில் மாட்டைக் கட்டுவதும், அங்கு அறுத்த புல்லை ஊட்டுவதும் கூடாது. மட்கிய எருவும் உமிக்கரியும் இச்சேர்மங்களை இறுகப் பற்றிப் பயிருக்குச் செல்வதைக் குறைக்கும், மண்ணைத் தூய்மையாக்கமாட்டா. தாய்ப்பாலிலும் இவை சிறிதளவு காணப்படுதல் உலகெங்கும் உள்ளதே. அதனால் தாய்ப்பால் கொடுத்தலை நிறுத்துதல் தவறு. மருத்துவ அறிஞர் கருத்தும் இதுவே.

மின்மாற்றி சாய்ந்தால்

புயற் காலத்தில் மின்மாற்றி சாய்ந்து அல்லது வெடித்து வயலில் எண்ணெய் சிந்துமாயின், முதலில் மின்சாரம் நிறுத்தப்பட்டதென்று உறுதியாகும்வரை எவரும் அணுகலாகாது. உடனே பிரதேச மின்சார அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வரும்வரை செய்யக்கூடியது ஒன்றுண்டு: எட்ட நின்று அவ்வயலின் வாய்க்கடையை மண்ணால் அடைத்து, நீர் அடுத்த வயலுக்கும் வாய்க்காலுக்கும் செல்லாது நிறுத்துதல். நீரை வடித்துவிடுதல் கூண்டுப் புழுவுக்கு ஏற்ற முறை. இங்கு அது தீங்கைப் பரப்பும். எண்ணெய் படிந்த இடத்தை உழுதலும் ஆகாது. ஓர் அங்குல ஆழத்திற் கிடப்பதை அரை அடிக்குக் கலந்தால், அகற்ற வேண்டிய மண் ஆறு மடங்காகும். எண்ணெயைப் போத்தலில் அள்ளிச் செல்ல வரும் அயலவரையும் பிள்ளைகளையும் தடுத்தல் வேண்டும். மூட்டுவலிக்குப் பூசவும் விளக்கெரிக்கவும் அதனைக் கொண்டுசெல்வோர் உண்டு. உடையிற் பட்டிருந்தால் அவ்வுடையை வேறாக வைத்து, தோலைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவுதல் வேண்டும். அவ்விடத்தின் எல்லையைக் கம்பு நட்டுக் குறித்து, சிந்திய திகதியையும் எண்ணெய் சென்ற திசையையும் எழுதிவைத்து, கமநல சேவை நிலையத்திற் பதிவு செய்துகொண்டால், மண் அகற்றலுக்கும் நட்டஈடு கோருவதற்கும் அப்பதிவு உதவும். மண் சோதிக்கப்படும்வரை அத்துண்டு நிலத்தின் விளைவை வேறாக அறுத்து வைத்தல் வேண்டும்; வயலின் மற்ற நெல்லுடன் சூட்டிற் சேர்த்தலாகாது.